ஸ்னேரை நகர்த்தினால் ஓவர்ஹெட்டும் நகர வேண்டும்: பதிவான ட்ரம்ஸை குவாண்டைஸ் செய்வது

மிடியில், அதாவது ஒலியாக அல்லாமல் விசைத் தகவலாக, வாசித்த ட்ரம்ஸில் ஓர் அடி பிந்தி விழுந்தால் அந்த நோட்டைத் தேர்ந்து ஒரு விசையைத் தட்டினால் போதும், தாளத்தின் நேரக் கோடுகளான கிரிட்டில் போய் உட்கார்ந்துவிடும்; இப்படி அடிகளைக் கிரிட்டுக்கு இழுப்பதுதான் குவாண்டைஸ். மைக் வைத்துப் பதிந்த ட்ரம்ஸில் அதே வேலையைச் செய்யப் போனால் அப்படி முடிவதில்லை. அங்கே ‘ஓர் அடி’ என்று தனியாக எதுவும் கிடையாது. ஸ்னேரில் குச்சி ஒருமுறை படுகிறது. அது ஸ்னேரின் மேல் மைக்கிலும் கீழ் மைக்கிலும் மட்டுமல்ல, ஹை-ஹேட் மைக்கிலும் டாம் மைக்குகளிலும் தலைக்கு மேலே தொங்கும் இரண்டு ஓவர்ஹெட்டிலும் அறை மூலையில் நிற்கும் ரூம் மைக்கிலும் பதிவாகிறது. பத்துப் பன்னிரண்டு ட்ராக்கில் ஒரே அடி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேறு நேரத்தில்.

ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 2.9 மில்லி விநாடி ஆகிறது. ஸ்னேருக்கு ஒரு மீட்டர் மேலே ஓவர்ஹெட் இருந்தால், 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் (விநாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலி அளவீடுகள்) அந்த அடி அங்கே 140 சாம்பிள் பிந்தித் தெரியும். ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் ரூம் மைக்கில் சுமார் 15 மில்லி விநாடி பிந்தும். இது பிழை அல்ல. ட்ரம்ஸ் ஓர் அறைக்குள் ஒலிக்கிறது என்ற உணர்வே இந்தத் தாமதங்களிலிருந்துதான் வருகிறது. மைக் வைத்தவர் அந்த இடைவெளியோடு சேர்த்துக் கேட்டுத்தான் இடத்தை முடிவு செய்திருப்பார்.

இப்போது ஸ்னேர் மைக்கின் ட்ராக்கை மட்டும் பிடித்து 12 மில்லி விநாடி முன்னே இழுத்தால் என்ன ஆகும்? ஓவர்ஹெட்டில் கசிந்திருக்கும் ஸ்னேர் பழைய இடத்திலேயே நிற்கும். 3 மில்லி விநாடியாக இருந்த இடைவெளி 15 ஆகிவிடும். அடி தடித்து, ஃபிளாம் வாசித்தது போல இரட்டையாகக் கேட்கத் தொடங்கும். நகர்த்திய அளவு சிறியதாக இருந்தால் இரட்டிப்பு காதில் விழாது, ஒலியின் நிறம் மாறும். இரண்டு மைக்குக்கும் இடையே கால வித்தியாசம் 1 மில்லி விநாடி என்றால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பள்ளங்கள் விழும், 2.5 மில்லி விநாடி என்றால் முதல் பள்ளம் 200 ஹெர்ட்ஸில், அதாவது பல ஸ்னேர்களின் உடல் ஒலி இருக்கும் இடத்திலேயே விழும். அதைவிட மோசமானது இன்னொன்று. ஒவ்வோர் அடியும் வேறு அளவு நகர்வதால் பள்ளமும் அடிக்கு அடி இடம் மாறும். அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் ஈக்யூவால் இதைத் துரத்திப் பிடிக்க முடியாது.

ஆக, இந்த வேலையில் மீறக்கூடாத விதி ஒன்றுதான்: எல்லா ட்ரம்ஸ் ட்ராக்குகளும் ஒரே புள்ளியில் வெட்டுப்பட்டு, ஒரே அளவு நகர வேண்டும். டேப் காலத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இரண்டு அங்குல டேப்பில் 24 ட்ராக்கும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடின. பிளேடு வைத்தால் அத்தனையும் சேர்ந்துதான் வெட்டுப்படும். விநாடிக்கு 30 அங்குல வேகத்தில் 10 மில்லி விநாடி என்பது டேப்பில் 7.6 மில்லிமீட்டர், கையால் வெட்டி ஒட்டக்கூடிய அளவுதான். கணினி வந்து ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனியாக நகர்த்த விட்ட பிறகுதான் இந்த விதியை எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

குவாண்டைஸ் என்ற வசதி இதற்கெல்லாம் முன்பே மெஷின்களில் இருந்தது. ரோஜர் லின் 1980இல் கொண்டுவந்த எல்எம்-1 ட்ரம் மெஷினிலேயே அடிகளைச் சீர்படுத்தும் வசதியும் ஸ்விங்கும் (ஒன்றுவிட்டு ஒரு நோட்டைப் பின்தள்ளும் நடை) உண்டு. ஆனால் அது விசை தட்டிய நேரத்தைச் சீர்படுத்தியது. பதிவான ஒலியை அல்ல. பல ட்ராக் ட்ரம்ஸ் பதிவுக்கு அந்த வேலையைப் பரவலாக்கியது புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் பீட் டிடெக்டிவ் என்ற கருவி. பின்னர் புரோ டூல்ஸ் 7.4இல் எலாஸ்டிக் ஆடியோ (2007), லாஜிக் 9இல் ஃபிளெக்ஸ் டைம் (2009), க்யூபேஸ் 6இல் பல ட்ராக் ட்ரம்ஸ் குவாண்டைஸ் (2011) என்று வந்தன. ரீப்பரில் டைனமிக் ஸ்பிளிட், ஸ்ட்ரெட்ச் மார்க்கர் இரண்டும் இருக்கின்றன. பெயர்கள் வேறானாலும் அடியைக் கண்டுபிடி, வெட்டு அல்லது இழு, கிரிட்டுக்கு நகர்த்து, ஒட்டு என்ற வரிசை எங்கும் ஒன்றுதான்.

வெட்டுவதற்கு முன்

முதலில் டேக்குகளை, அதாவது ஒரே பகுதியைப் பலமுறை வாசித்த பதிவுகளை, தேர்ந்து ஒட்டி முடித்துவிட வேண்டும். குவாண்டைஸ் செய்த பிறகு ‘இந்த நாலு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) மூன்றாவது டேக்கே நன்றாக இருந்தது’ என்று திரும்பிப் போனால் செய்த வேலை பாதி வீண். தேர்வு முடிந்ததும் எல்லா ட்ராக்கையும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும் முழு நீளக் கோப்புகளாக ஒருங்கிணைத்து, அந்த நிலையின் பிரதி ஒன்றை வேறு பிளேலிஸ்ட்டில் (அதே ட்ராக்கின் மாற்றுப் பதிப்பில்) ஒளித்து வையுங்கள். ஓவர்ஹெட்டை ஸ்னேருக்கு நேராகச் சாம்பிள் கணக்கில் ஒட்ட வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதையும் இப்போதே செய்துவிட வேண்டும். ஆயிரம் துண்டாக வெட்டியபின் ஓவர்ஹெட்டை மட்டும் நகர்த்துவது தலைவலி.

பிறகு எல்லா ட்ரம்ஸ் ட்ராக்குகளையும் ஒரு குரூப்பில் சேர்க்க வேண்டும். புரோ டூல்ஸில் எடிட் குரூப் போதும். லாஜிக்கில் குரூப் அமைப்பில் எடிட்டிங்கோடு குவாண்டைஸ் லாக்கையும் இயக்க வேண்டும், பெயர் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும். க்யூபேஸில் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டர் ட்ராக்கில் போட்டு குரூப் எடிட்டிங் பொத்தானை அழுத்த வேண்டும். ரூம் மைக்கை ‘அது பரவாயில்லை’ என்று வெளியே விடுகிறவர்கள் உண்டு. அந்த மைக்கைத்தான் கம்ப்ரெஸ் செய்து (மெல்லிய ஒலியும் எழும்படி அமுக்கி) மிக்ஸில் தூக்குவார்கள். அப்போது பழைய இடத்தில் நிற்கும் அடிகள் எல்லாம் வெளியே தெரியும்.

இன்னொரு சோதனை, பலரும் தாண்டிப் போவது. பாட்டின் ஆரம்பம், நடு, முடிவு என மூன்று இடத்தில் கிரிட்டோடு அடிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா அடியும் ஏறக்குறைய ஒரே அளவு பிந்தியிருந்தால் அது வாசித்தவர் குறை அல்ல. பதிவின்போது ஏற்பட்ட லேட்டன்சி எனும் கருவித் தாமதம், அல்லது கோப்பை வேறு இடத்தில் வைத்த பிழை. குறிப்பாக, எம்பி3 ஆக அனுப்பிய டெமோவைக் கேட்டு வேறு ஊரில் ட்ரம்ஸ் பதிந்து வாங்கும்போது இது நடக்கும். எம்பி3 உருவாகும்போதும் திறக்கும்போதும் தொடக்கத்தில் ஆயிரம் சாம்பிளுக்கு மேல் வெற்றிடம் சேரக்கூடும். அது சுமார் 25 மில்லி விநாடி. அதற்கு குவாண்டைஸ் மருந்தல்ல. மொத்த ட்ரம்ஸையும் ஒரே தள்ளாகத் தள்ளினால் தீர்ந்தது.

அடியைக் கண்டுபிடிப்பது

மென்பொருள் அலையின் திடீர் ஏற்றத்தைத் தேடுகிறது. எந்த ட்ராக்கில் தேடச் சொல்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. ஓவர்ஹெட்டில் தேடச் சொன்னால் சிம்பலின் நீள ஒலியில் குழம்பி, அடி இல்லாத இடத்திலெல்லாம் அடியைக் குறிக்கும் கோடு போடும். கிக்கின் உள் மைக்கும் ஸ்னேரின் மேல் மைக்கும்தான் நம்பகமானவை. கிக் டிரம்முக்கு உள்ளே இருக்கும் மைக்கில் பீட்டர் தோலில் படும் ‘டக்’ கூர்மையாக இருக்கும். வெளியே இருக்கும் மைக்கில் ஏற்றம் மெதுவாக இருப்பதால் கோடு சில மில்லி விநாடி அங்கும் இங்கும் ஆடும். பீட் டிடெக்டிவில் கலெக்ஷன் முறை என்று ஒன்று இருக்கிறது. கிக்குக்கு ஓர் உணர்திறன் வைத்து அதன் கோடுகளைச் சேர்த்துக்கொண்டு, பிறகு ஸ்னேருக்கு வேறு உணர்திறன் வைத்து அவற்றையும் சேர்க்கலாம். ஒரே உணர்திறனில் இரண்டையும் பிடிக்கப் போனால் ஒன்று கிக் விடுபடும், இல்லாவிட்டால் ஸ்னேர் மைக்கில் கசிந்த ஹை-ஹேட் எல்லாம் அடியாகக் கணக்காகும்.

ஸ்னேரின் மெல்லிய கோஸ்ட் நோட்டுகள் தனிச் சிக்கல். உணர்திறனை அவை பிடிபடும் அளவுக்கு ஏற்றினால் கசிவும் பிடிபடும். பிடிபடாமல் விட்டால் அந்த நோட்டு தனக்கு முந்தைய பெரிய அடியின் துண்டோடு சேர்ந்து நகரும். பெரும்பாலும் அதுவே நல்லது. கோஸ்ட் நோட்டு கிரிட்டில் இருப்பதைவிட முந்தைய அடியிலிருந்து வாசித்தவர் விட்ட இடைவெளியில் இருப்பதே இயல்பாகக் கேட்கும். கிக்கும் ஸ்னேரும் இல்லாமல் ஹை-ஹேட் மட்டும் ஓடும் பார்களில்தான் ஹேட் மைக்கைத் தேடுதலுக்கு எடுக்க வேண்டும்.

ட்ரம்ஸ் எடிட்டுக்கு என்றே கிக், ஸ்னேர் ட்ராக்குகளின் பிரதி எடுத்து, அதில் கடுமையாக கேட் (மெல்லிய ஒலியை அடைக்கும் கருவி) போட்டு, அந்தப் பிரதியில் அடி தேடச் சொல்வது கசிவு மிகுந்த பதிவுகளில் நன்றாக உதவும். பிரதியும் குரூப்பிலேயே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

கோடு விழுந்த இடத்திலேயே வெட்டக்கூடாது. அடியின் ஏற்றத்துக்கு 5 முதல் 10 மில்லி விநாடி முன்னால் வெட்டு விழ வேண்டும். பீட் டிடெக்டிவ் இதை ட்ரிகர் பேட் என்கிறது. காரணம், ஒரே பீட்டில் கிக்கும் ஹை-ஹேட்டும் சேர்ந்து விழும்போது இரண்டும் ஒரே கணத்தில் விழுவதில்லை. ஹேட் 6 மில்லி விநாடி முந்தியிருந்து, வெட்டு கிக்குக்கு 3 மில்லி விநாடி முன்னால் விழுந்தால், ஹேட்டின் தலை முந்தைய துண்டில் மாட்டிக்கொள்ளும். துண்டுகள் நகர்ந்ததும் தலை ஓரிடம் உடல் ஓரிடமாகி, சிம்பலில் ‘டிக்’ என்று ஒரு கிளிக் கேட்கும். அதனால் கோடுகளைச் சரிபார்க்கும்போது கிக் ட்ராக்கை மட்டும் பார்க்காமல் ஓவர்ஹெட்டையும் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது.

ஃபிளாம் இன்னொரு பொறி. பெரிய அடிக்கு 20, 30 மில்லி விநாடி முன்னால் வரும் சின்ன அடியை மென்பொருள் முதல் ஏற்றமாக எடுத்துக்கொண்டு அதைக் கிரிட்டில் வைக்கும். பெரிய அடி அந்த அளவு பிந்திப் போகும். இங்கே கையால்தான் வேலை. சின்ன அடிக்கு முன்னால் வெட்டி, கிரிட்டில் விழ வேண்டிய புள்ளியைப் பெரிய அடியில் குறிக்க வேண்டும். புரோ டூல்ஸில் சிங்க் பாயின்ட், க்யூபேஸில் ஸ்னாப் பாயின்ட், ரீப்பரில் ஸ்னாப் ஆஃப்செட் என்று இதற்கான வசதி உண்டு.

கிரிட்டும் நடையும்

120 பி.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 120 பீட்) ஒரு பீட் 500 மில்லி விநாடி, பதினாறில் ஒரு பங்கு நோட் 125. குவாண்டைஸ் ஒவ்வோர் அடியையும் மிக அருகிலுள்ள கிரிட் கோட்டுக்கு இழுப்பதால், பாதி தூரமான 62.5 மில்லி விநாடிக்குள் இருக்கும் எந்தப் பிழையும் சரியான கோட்டுக்கே போகும். 180 பி.பி.எம்.மில் அந்தப் பதினாறாம் நோட்டே 83 மில்லி விநாடிதான், பாதி 42. ஓர் அடி 45 மில்லி விநாடி பிந்தினால் அது அடுத்த கோட்டுக்குத் தாவிவிடும். முப்பத்திரண்டாம் நோட்டு கிரிட் வைத்தால் எல்லை 21 மில்லி விநாடியாகச் சுருங்கும். எனவே அந்தப் பகுதியில் உண்மையில் வாசித்திருக்கும் மிகச் சிறிய நோட்டு எதுவோ அதைவிட நுணுக்கமான கிரிட்டை வைக்கவே கூடாது. நுணுக்கமான கிரிட் வைத்தால் துல்லியம் கூடும் என்று நினைப்பது இதில் தலைகீழாகப் போகும்.

பாட்டு முழுவதையும் ஒரே கிரிட்டில் ஓட்டுவது அடுத்த தவறு. பல்லவி எட்டாம் நோட்டில் ஓடும், இடையில் ஒரு ஃபில் (பகுதிகளை இணைக்கும் அலங்கார வாசிப்பு) ட்ரிப்லெட்டில், பீட்டுக்கு மூன்று அடியாக, வரும். 120 பி.பி.எம்.மில் ட்ரிப்லெட்டின் இரண்டாம் அடி 166.7 மில்லி விநாடியில் விழும். பதினாறாம் நோட்டு கிரிட்டில் அதற்கு அருகிலுள்ள கோடு 125. மூன்றாம் அடி 333 இல் இருக்க, அது 375 க்குப் போகும். இரண்டு அடியும் எதிரெதிர்த் திசையில் 42 மில்லி விநாடி விலகி, திஸ்ர நடையில் வாசித்தது நொண்டியாகக் கேட்கும். சொற்கட்டு பழகிய ட்ரம்மர்கள் ஃபில்லில் கண்ட நடையும் மிஸ்ரமும் போடுவதுண்டு. ஒரு பீட்டில் ஐந்து அடி என்றால் 120இல் அடிக்கு 100 மில்லி விநாடி. வழக்கமான கிரிட் பட்டியலில் அதைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, ஃபில்லின் முதல் அடியையும் அதற்கு அடுத்து வரும் சமத்தையும் (தாளச் சுற்றின் முதல் அடியையும்) மட்டும் கோட்டில் வைத்துவிட்டு நடுவில் இருப்பதை அப்படியே விடுவது மேல். நாலு, எட்டு பாராக எடுத்துச் செய்து, ஒவ்வொன்றையும் கேட்டு முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது இதனால்தான்.

ஸ்விங்கும் இங்கேதான் வரும். லின் மெஷின்களிலிருந்து பரவிய கணக்கில் 50 சதவீதம் என்றால் நேர் நடை, 66க்கு அருகில் ட்ரிப்லெட். 90 பி.பி.எம்.மில் எட்டாம் நோட்டு 333 மில்லி விநாடி. அதற்குள் இரண்டாம் பதினாறாம் நோட்டு 50 சதவீதத்தில் 167 இலும், 58 சதவீதத்தில் 193 இலும், 66.7 சதவீதத்தில் 222 இலும் விழும். பதிந்த ட்ரம்ஸில் இயல்பாக ஒரு ஸ்விங் இருக்கிறது என்றால், நன்றாக ஓடிய இரண்டு பாரில் அந்த இடைவெளியை அளந்து அதே சதவீதத்தைக் கிரிட்டுக்குக் கொடுங்கள். அல்லது அந்த இரண்டு பாரிலிருந்தே க்ரூவ் டெம்ப்லெட் (அடிகளின் நேர அச்சு) எடுத்து மற்ற பார்களுக்குப் போடுங்கள். வாசித்தவரின் நடைக்கே அவருடைய மற்ற பார்களைக் கொண்டுவரும் இந்த வழிதான் இருப்பதிலேயே கௌரவமானது.

நகர்ந்த பின் விழும் ஓட்டை

துண்டு முன்னே நகர்ந்தால் முந்தைய துண்டின் வாலைக் கொஞ்சம் மூடிவிடும். அதில் பெரிய சேதம் இல்லை. பின்னே நகர்ந்தால் அதற்கு முன்னால் ஓர் ஓட்டை விழுகிறது. 12 மில்லி விநாடி ஓட்டை என்றாலும் ஒலித்துக்கொண்டிருக்கும் சிம்பல் அங்கே சட்டென்று அறுந்து மீண்டும் வரும். அதை நிரப்புவதில்தான் புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

நிரப்ப இரண்டு வழி இருப்பது போலத் தோன்றும். இடது துண்டின் வலது விளிம்பை இழுத்து நீட்டலாம். வலது துண்டின் இடது விளிம்பைப் பின்னால் இழுக்கலாம். முதல் வழி கூடாது. இடது துண்டின் விளிம்புக்கு அப்பால் மறைந்திருப்பது அடுத்த அடியின் அசல் ஏற்றம். வெட்டு அடிக்கு 5 மில்லி விநாடி முன்னால்தான் விழுந்தது. 12 மில்லி விநாடி நீட்டினால் அந்த அடியின் முதல் 7 மில்லி விநாடி வெளியே வந்துவிடும், பிறகு நகர்ந்த துண்டில் அதே அடி மறுபடி வரும். ட்ரம்ஸ் எடிட்டில் கேட்கும் மர்மமான இரட்டை அடிகளில் பாதிக்கு மேல் இதுதான். இரண்டாம் வழியில் வலது துண்டின் விளிம்புக்குப் பின்னால் மறைந்திருப்பது முந்தைய அடியின் மறையும் வால் மட்டுமே. அதில் 12 மில்லி விநாடி இருமுறை கேட்கும், ஆனால் ஏற்றம் எதுவும் இல்லாததால் காதுக்குத் தெரியாது. தானாக நிரப்பும் கருவியைப் பயன்படுத்தினாலும், அது எந்தப் பக்கமிருந்து நிரப்பியிருக்கிறது என்று நாலைந்து இடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்து கிராஸ்ஃபேட், அதாவது ஒரு துண்டு மங்க அடுத்தது எழும் இணைப்பு. 3 முதல் 5 மில்லி விநாடி போதும், அதுவும் அடியின் ஏற்றம் தொடங்குவதற்குள் முடிந்திருக்க வேண்டும். ட்ரிகர் பேட் 10 வைத்திருந்தால் இடம் தாராளமாக இருக்கும். கிராஸ்ஃபேட் ஏற்றத்தின் மேல் ஏறினால் அடியின் கூர்மை மழுங்கும். கிக்கில் அது உடனே தெரியும். நகர்ந்த துண்டுகளுக்கு ஈக்வல் பவர் (மொத்த ஒலி ஆற்றல் குறையாத) வளைவு பொருந்தும், ஏனெனில் இருபக்கமும் அதே சிம்பல் ஒலித்தாலும் அலைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. வெட்டி நகராமலே இருக்கும் இடத்தில் அதே வளைவைப் போட்டால் ஒரே அலை தன்னோடு கூடி 3 டெசிபல் வரை மேடு தட்டும். அப்படிப்பட்ட வெட்டுகளை ஃபேட் போடாமல் ஒட்டிவிடுவதே சரி.

கிராஷ் சிம்பல் ஒலிக்கும் முதல் இரண்டு மூன்று விநாடிகள்தான் உண்மையான பரீட்சை. நீண்டு ஒலிக்கும் உலோகத்தை எட்டாம் நோட்டுக்கு ஒருமுறை வெட்டி, ஒரு துண்டை 15 மில்லி விநாடி முன்னும் அடுத்ததைப் பத்துப் பின்னும் தள்ளினால், அந்த ஒலி படிப்படியாகத் துள்ளும். இந்த இடங்களில் கோடுகளைக் குறைக்க வேண்டும். கிராஷ் விழும் அடியையும் அடுத்த ஸ்னேரையும் மட்டும் வைத்துக்கொண்டு இடையிலுள்ள ஹேட் கோடுகளை அழித்துவிடுங்கள். கிராஷுக்குள் புதைந்த ஹேட்டின் டைமிங்கை யாரும் கேட்கப் போவதில்லை, கிராஷ் அறுபட்டால் எல்லோரும் கேட்பார்கள்.

வெட்டாமல் இழுத்து நீட்டும் முறைகளில், அதாவது எலாஸ்டிக் ஆடியோ, ஃபிளெக்ஸ், ஸ்ட்ரெட்ச் மார்க்கர் ஆகியவற்றில், ஓட்டை என்ற பேச்சே இல்லை. விலை வேறிடத்தில் போகிறது. அடிகளுக்கு நடுவிலுள்ள ஒலியைக் கணக்கிட்டு நீட்டும்போது சிம்பலில் நீருக்கடியில் கேட்பது போன்ற ஒரு நெளிவு வரும், டாமின் சுருதியும் லேசாகத் தடுமாறும். ஒவ்வொரு ட்ராக்குக்கும் மென்பொருள் தனித்தனியாக மார்க்கர் போட்டு நீட்டினால் முதலில் சொன்ன ஃபேஸ் சிக்கலும், அதாவது அலைகள் மோதிப் பள்ளம் விழுவதும், திரும்ப வரும். குரூப்பில் இருக்கும்போது எல்லா ட்ராக்கிலும் மார்க்கர்கள் ஒரே இடத்தில்தான் இருக்கின்றனவா என்று உறுதி செய்ய வேண்டும். லாஜிக்கின் ஃபிளெக்ஸில் ஸ்லைசிங் முறையைத் தேர்ந்தால் அது நீட்டாமல் வெட்டி நகர்த்துவதால் ட்ரம்ஸுக்குப் பாதுகாப்பானது. பொதுவாக, அடி நெருக்கமாக இருக்கும் ராக், ஃபங்க் வகைக்கு வெட்டும் முறை. பிரஷ்ஷால் ஸ்னேரில் தேய்த்து வாசித்த மெல்லிய பதிவுக்கு நீட்டும் முறை, அல்லது இரண்டும் இல்லாமல் விடுவது.

எவ்வளவு சரி செய்வது

எல்லா மென்பொருளிலும் வலிமை என்று ஒரு சதவீதம் உண்டு. 20 மில்லி விநாடி பிந்திய அடிக்கு 75 சதவீதம் கொடுத்தால் 5 மில்லி விநாடி பிந்தியபடி நிற்கும். 8 மில்லி விநாடி பிந்தியது 2 ஆகும். தூரமாகப் போனவை அதிகமும் நெருக்கமாக இருந்தவை கொஞ்சமும் நகர்வதால் வாசிப்பின் சாயல் தங்கும். இதற்குத் துணையாக, கோட்டுக்கு ஏற்கெனவே அருகிலிருக்கும் அடிகளைத் தொடாமல் விடும் எல்லையும் வைக்கலாம். மெட்டல் பாட்டில் கிக் சரமாரியாக ஓடும் பகுதிக்கு 100 சதவீதம் சரி. அங்கே அந்த இயந்திரத்தனமே அழகு. மற்ற இடங்களில் 80க்கு மேல் போவதற்கு வலுவான காரணம் வேண்டும் என்பது எங்கள் கட்சி.

ஒரு ட்ரம்மர் கிக்கைக் கோட்டிலும் ஸ்னேரை எப்போதும் 10 மில்லி விநாடி பிந்தியும் வைக்கிறார் என்றால் அது பிழையல்ல, அவருடைய பிடி. சராசரி விலகல் முக்கியமல்ல, விலகலின் ஆட்டம்தான் முக்கியம். தொடர்ந்து 9, 11, 10, 10 என்று பிந்தும் ஸ்னேர் உறுதியாகக் கேட்கும். இரண்டு முந்தி, பதினைந்து பிந்தி, நேராக என்று ஆடும் ஸ்னேர்தான் தடுமாற்றமாகக் கேட்கும். அப்படிப்பட்ட வாசிப்பை 100 சதவீதத்துக்குக் கொண்டுபோய், பிறகு ஸ்னேர் தலைமை வகிக்கும் துண்டுகளை மட்டும் எல்லா ட்ராக்கோடும் சேர்த்து 8, 10 மில்லி விநாடி பின்னே தள்ளினால், ஆட்டம் போய்ப் பிடி மட்டும் நிற்கும்.

குவாண்டைஸால் தொடவே முடியாத ஒரு குறை இருக்கிறது. ஒரே பீட்டில் சேர்ந்து விழ வேண்டிய கிக்கும் கிராஷும் 25 மில்லி விநாடி விலகி விழுந்தால், அந்த விலகல் ஒரு துண்டுக்கு உள்ளேயே இருக்கிறது. துண்டை எங்கே நகர்த்தினாலும் அது கூடவே வரும். வேறு பாரிலிருந்து நல்ல அடியை எல்லா ட்ராக்கோடும் நகலெடுத்து ஒட்டலாம். இல்லையென்றால் மறுபடி வாசிக்க வைக்கலாம். பறை, தவில் குழுவை ஒரே அறையில் வைத்துப் பதிந்த கோப்புக்கும் இதே நிலைதான்: பத்துப் பேரின் அடி சில மில்லி விநாடிகளுக்குள் சிதறுவதால்தான் அது பத்துப் பேராகக் கேட்கிறது. அங்கே நகர்த்த முடிவது மொத்தக் கூட்டத்தை மட்டுமே, தனி ஆளை அல்ல. மிருதங்கத்தில் இடந்தலையின் கும்கி நெளியும்போது நடுவே வெட்டு விழுந்தால் சுருதி முறியும். அடுத்த அடிக்காகப் போட்ட கோடு அந்த நெளிவுக்குள் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளிக் (தாளம் காட்டும் மெட்ரோனோம் ஒலி) இல்லாமல் வாசித்த பதிவுக்கு வரிசை தலைகீழாகும். முதலில் கிரிட்டை ட்ரம்மரிடம் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு பாரின் முதல் அடியையும் குறித்து டெம்போ வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு பீட்டையும் குறித்தால் வாசித்தவரின் சின்னச் சின்ன ஆட்டமெல்லாம் டெம்போவாக மாறிவிடும், அப்புறம் குவாண்டைஸ் செய்ய எதுவும் மிஞ்சாது. பிறகு அந்த வரைபடத்தைப் பகுதி பகுதியாகச் சமப்படுத்த வேண்டும். சரணம் 96இலும் பல்லவி 101இலும் ஓடுகிறது என்றால் அந்த ஏற்றத்தை விட்டுவிடுங்கள். ஒரு பார் 2.5 விநாடியிலிருந்து 2.38 ஆகக் குறைவது கேட்பவருக்கு வேகமாகத் தெரிவதைவிட உற்சாகமாகத்தான் தெரியும்.

கேட்டுச் சரிபார்ப்பதற்கு ஒரு வரிசை: முதலில் ஓவர்ஹெட்டை மட்டும் சோலோ செய்து முழுப் பாட்டையும் ஓட்டுங்கள். வெட்டு, ஓட்டை, இரட்டை அடி எல்லாம் அங்கேதான் மறைக்க முடியாமல் நிற்கும். பிறகு ரூம் மைக், பிறகு முழு ட்ரம்ஸ் கிளிக்கோடு, கடைசியாகக் கிளிக் இல்லாமல் டெமோ கிடாரோடும் குரலோடும். திரையைப் பார்க்காமல் கேட்க வேண்டும். கோட்டில் இல்லாத அடி கண்ணுக்குத் தெரிந்தால் காதுக்கும் தவறாகவே படும்.

எல்லாம் சரி என்றானபின் ட்ராக்குகளை மறுபடி முழு நீளக் கோப்புகளாக ஒருங்கிணைத்து, வெட்டுகள் உள்ள பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கிக், ஸ்னேருக்குப் பின்னால் சாம்பிள் (முன்பே பதிந்த தனி அடி ஒலி) சேர்க்கும் திட்டம் இருந்தால் அதற்கான மிடியை இந்தப் புதிய கோப்புகளிலிருந்தே எடுக்க வேண்டும். எடிட்டுக்கு முன் எடுத்து வைத்த மிடி பழைய இடங்களில் அடிக்கும், முதலில் பார்த்த அதே பள்ளங்கள் சாம்பிளுக்கும் மைக்குக்கும் இடையே விழும். பேஸும் கிடாரும் பதிவது இதற்குப் பிறகுதான். ட்ரம்ஸோடு சேர்ந்தே பேஸ் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், அதைத் தனியாகக் கிரிட்டுக்கு இழுக்க வேண்டாம். நகர்ந்துவிட்ட கிக்கை அருகில் வைத்துக்கொண்டு, கிக்கோடு சேர்ந்து விழும் நோட்டுகளை மட்டும் அதற்கு நேராக நகர்த்தினால் போதும்.